பாலாற்று பஸ்ஸும் கடல் கப்பலும்

சென்ற பொங்கல் விழாவுக்கு நம் சங்கத்தில் கூடியிருந்தபோது, என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் இரண்டே கேள்விகளைத்தான் கேட்டார்கள். "கப்பலில் போய் வந்தீர்களாமே, சாப்பாடு எப்படி?" என்பது முதல் கேள்வி. "அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே?" என்பது இரண்டாவது. முதல் கேள்விக்குச் சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். இரண்டாவது கேள்விக்கு ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விதமாக மழுப்பிவிட்டேன். உண்மையில் அம்மாவுக்கு ஒன்று ஆகத்தான் செய்தது. அதற்குப் பொறுப்பாளி நான்தான். மற்றக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை நடந்தபடியே எழுதிவிடலாம் என்று துணிந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் அல்ல. அசோகபுரம் ரயில்வே பட்டறையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். இங்கே எழுதும் மருத்துவ விஷயங்கள் கப்பலிலும், திரும்பி வந்த பிறகு எங்கள் குடும்ப டாக்டரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டவை. உங்கள் உடம்புக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாலாறு கற்றுக்கொடுத்த பாடம்

சேலம், மேட்டூர்ப் பக்கத்திலிருந்து மைசூருக்குக் குடியேறியவர்களுக்குப் பாலாறு தெரியாமல் இருக்காது. வேலூர் வழியாக ஓடும் பாலாறு வேறு. இது மாதேஸ்வரன் மலைக்குக் கீழே, கர்நாடகத்துக்கும் தமிழகத்துக்கும் எல்லையாக வந்து காவிரியில் கலக்கும் சிற்றாறு. கொள்ளேகால் தாலுகா முழுவதும் 1956 வரை கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மாநிலங்கள் பிரிந்தபோது மைசூர் மாவட்டத்துக்கு வந்தது. 1997 இல் சாமராஜநகர் தனி மாவட்டம் ஆனபோது அதனோடு போய்விட்டது. ஆனால் எங்கள் வீட்டுப் பேச்சில் அது இன்றும் "மைசூர் ஜில்லா பாலாறு"தான்.

அம்மாவுக்குப் பிறந்த ஊர் மேட்டூரை அடுத்த கொளத்தூர். கொள்ளேகால், ஹனூர், மாதேஸ்வரன் மலை, பாலாறு, கோவிந்தபாடி என்று போகும் அந்தப் பாதையில் நாற்பது வருடங்களுக்கு மேல் ஆண்டுக்கு இரண்டு முறையாவது போய் வந்திருக்கிறோம். மலையில் வளைவுக்கு மேல் வளைவு. ஒவ்வொரு வளைவிலும் அம்மாவின் முகம் வெளுக்கும். பாலாற்றுச் சோதனைச்சாவடியில் பஸ் நின்றதும் இறங்கி, முகம் கழுவி, "பாலாறு வந்தாச்சு, இனிமேல் பயமில்லை" என்பார். அங்கிருந்து சாலை அவ்வளவாக வளைவதில்லை.

இதற்காக அப்பா நான்கு விதிகள் வைத்திருந்தார். முதலாவது, பஸ்ஸின் முன்பக்கத்தில் உட்கார வேண்டும். இரண்டாவது, பத்திரிகை படிக்கக் கூடாது. தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். மூன்றாவது, வயிறு நிறையவும் கூடாது, காலியாகவும் கூடாது. நான்காவது, மஞ்சப்பை மடியை விட்டு இறங்கக் கூடாது. அந்தப் பையில் எலுமிச்சம்பழம், சுக்கு, தண்ணீர், துண்டு ஆகியவை இருக்கும். பிற்காலத்தில் அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி வந்த பிறகு மாத்திரையும் குளுக்கோஸ் பொட்டலமும் பிஸ்கட்டும் அதில் சேர்ந்தன. பெட்டி படுக்கைகள் பஸ் கூரை மேல் ஏறும். மஞ்சப்பை மட்டும் ஏறாது.

அப்பா மறைந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அந்த நான்கு விதிகளும் கடலுக்கும் பொருந்தும் என்பது அவருக்கே தெரிந்திருக்காது.

ரஜூலா முதல் இன்றைய கப்பல் வரை

அம்மாவின் அண்ணன், அதாவது என் பெரிய மாமா, இளம் வயதில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பலில் ஏறிப் பினாங்குக்குப் போனவர். 1926 இல் கட்டப்பட்ட அந்தக் கப்பல் சென்னை, நாகை, பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. தமிழர் குடும்பங்களில் அதன் பெயர் தெரியாத பழைய தலைமுறை குறைவு. மாமா போனது கேபினில் அல்ல, மேல்தளத்தில். பாயும் தகரப்பெட்டியும் ஊறுகாய் ஜாடியுமாக, ஆயிரக்கணக்கானவர்களோடு படுத்து எழுந்து போனதை ஊருக்கு வரும்போதெல்லாம் கதையாகச் சொல்வார். பயணிகளில் யாருக்காவது தொற்றுநோய் என்றால் சிங்கப்பூரில் இறங்க விடாமல், செயின்ட் ஜான்ஸ் தீவில் தனியே வைத்துவிடுவார்கள் என்றும் சொல்வார். அதைக் கேட்ட நாளிலிருந்து அம்மாவுக்குக் கப்பலைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. ஏறுவதற்குப் பயம்.

இன்றைய உல்லாசக் கப்பல்கள் வேறு வகை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போய்ச் சேர்வதற்காக இவற்றில் ஏறுவதில்லை. கப்பலில் இருப்பதே பயணம். சென்னைத் துறைமுகத்திலிருந்து இத்தகைய பயணம் ஒன்று 2022 ஜூன் மாதம் தொடங்கியது. கார்டீலியா நிறுவனத்தின் 'எம்பிரஸ்' என்ற அந்தக் கப்பல் 1990 இல் கட்டப்பட்டது. சுமார் 1,800 பேர் பயணம் செய்யலாம். 2023 ஜூன் மாதம் அது சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை துறைமுகங்களுக்கும் போகத் தொடங்கியது. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் பம்பாய்ப் பக்கத்து அரபிக் கடல் கொந்தளிக்கும். அப்போது வங்கக் கடல் சென்னைக் கரையில் ஓரளவு அமைதியாக இருக்கும். அதனால்தான் சென்னைக்குக் கப்பல் வந்தது கோடையிலும் அதை ஒட்டிய மாதங்களிலும்.

நாங்கள் போன கப்பலின் பெயரைச் சொல்லி யாருக்கும் விளம்பரம் செய்யப் போவதில்லை. என் மகன் முதல் சம்பள உயர்வில் பாட்டிக்காக எடுத்த டிக்கெட் அது. சென்னையிலிருந்து ஆழ்கடலுக்குப் போய்த் திரும்பும் இரண்டு இரவுப் பயணம். கொளத்தூரிலிருந்து சின்னம்மாவையும் அழைத்துக்கொள்ள வேண்டியிருந்ததால் வழக்கம்போல் பாலாற்று வழியே போய், சேலத்தில் ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினோம்.

வரிசையில் நடந்தது

கப்பலில் ஏறுவது ஏறக்குறைய விமானத்தில் ஏறுவது மாதிரிதான். அடையாளச் சான்று, உடல்நலப் படிவம், எக்ஸ்ரே சோதனை எல்லாம் உண்டு. பெரிய பெட்டிகளில் கேபின் எண் எழுதிய அட்டையைக் கட்டி வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை பிறகு உங்கள் கேபின் வாசலுக்கு வந்து சேரும். ஆனால் வந்து சேரச் சில மணி நேரம் ஆகலாம். இதைத்தான் நான் யோசிக்கவில்லை.

சுற்றிலும் புதுப் பெட்டிகளும் தோல் பைகளுமாக மக்கள் நின்றார்கள். அம்மாவின் கையில் மட்டும் ஜவுளிக்கடைப் பெயர் போட்ட மஞ்சப்பை. எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. "கொடும்மா, பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறேன்" என்று வாங்கி, சூட்கேசைத் திறந்து உள்ளே திணித்துப் பூட்டினேன். பெட்டி போயிற்று.

காலை ஏழு மணிக்கு அம்மா வழக்கமான சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டார். கடலில் குமட்டும் என்ற பயத்தில் இரண்டு இட்லியோடு நிறுத்திவிட்டார். பகல் ஒன்றேகால் மணி. நாங்கள் இன்னும் வரிசையில்தான் இருந்தோம். அம்மாவின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்தது. கை நடுங்கியது. சென்னை வெயில் என்று நினைத்து விசிறிக்கொண்டிருந்தேன். அப்போது அம்மா என் முகத்தைப் பார்த்து, "ஏங்க, பாலாறு வந்திருச்சா?" என்று கேட்டார்.

அம்மா அப்படி அழைப்பது அப்பாவை மட்டும்தான்.

எனக்குக் கைகால் ஓடவில்லை. என் மனைவிதான், "அத்தைக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது" என்று கத்தினார். பின்னால் நின்ற ஓர் அம்மாள் கடலைமிட்டாயை நீட்டினார். இன்னொரு குடும்பத்துக் குழந்தை தன் மாம்பழச்சாறு டப்பாவைக் கொடுத்தது. அதைக் குடிக்க வைத்துக்கொண்டிருக்கும்போதே ஊழியர்கள் சக்கர நாற்காலியோடு ஒரு நர்ஸை அழைத்து வந்தார்கள். விரலில் குத்திப் பார்த்தபோது 52 காட்டியது. 70க்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும் என்பது கணக்கு.

அந்த நர்ஸ் பெண் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சர்க்கரை இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையோ, குளுக்கோஸோ, அரை டம்ளர் பழச்சாறோ கொடுக்க வேண்டும். கால் மணி நேரம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும். கடலைமிட்டாய், சாக்லேட் போன்றவற்றில் கொழுப்பு இருப்பதால் அவற்றிலுள்ள சர்க்கரை இரத்தத்தில் ஏறத் தாமதமாகும்; அவசரத்துக்கு உதவாது. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. புரையேறி மூச்சு நின்றுவிடும். அம்மா சாப்பிடும் கிளிமிப்பிரைடு வகை மாத்திரை நெடுநேரம் வேலை செய்யக் கூடியது. ஆகவே ஒரு முறை ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கலாம். சற்றுத் தெளிந்ததும் முழுச் சாப்பாடு கொடுத்து, அன்றெல்லாம் கவனித்துக்கொள்ள வேண்டும்.

அரை மணி நேரத்தில் அம்மா பழையபடி ஆனார். நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. "மஞ்சப்பை எங்கே கண்ணு?" என்றுதான் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

சாப்பாட்டு மண்டபம்

இனி முதல் கேள்விக்கு வருகிறேன். கப்பலில் சாப்பாட்டுக்குக் குறைவே இல்லை; ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. டிக்கெட் விலையிலேயே அடங்கும் உணவுக்குப் பொதுவாக இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று, நாமே தட்டெடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபே கூடம். மற்றொன்று, மேசையில் உட்கார்ந்து பரிமாறச் செய்து உண்ணும் பெரிய உணவு மண்டபம். இவை தவிர, தனிக் காசு கொடுத்துச் சாப்பிடும் விசேஷ உணவகங்களும் இருக்கும். மது, குளிர்பானம், சில இடங்களில் காப்பிகூடத் தனிக் கணக்கில் ஏறும். கையில் பணம் புழங்காது. கேபின் அட்டையை நீட்டினால் போதும். கடைசி நாள் பில்லைப் பார்க்கும்போதுதான் தெரியும். பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள்.

சைவத்துக்குக் கவலை வேண்டாம். இந்தியத் துறைமுகத்திலிருந்து புறப்படும் கப்பல்களில் சைவமும் ஜைன உணவும் தனியே கிடைக்கின்றன. எங்களுக்கு இட்லி, சாம்பார், தயிர்சாதம் எல்லாம் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து புறப்படும் கப்பல் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. வீட்டுப் பலகாரத்தைப் பெரும்பாலான கப்பல்களில் உள்ளே விடமாட்டார்கள். ஆனால் நோய்க்கு வேண்டிய குளுக்கோஸ், பிஸ்கட் போன்றவற்றை டாக்டர் சீட்டோடு காட்டிக் கேட்டுக்கொள்ளலாம்.

எங்களுக்குப் பரிமாறிய பையன் தூத்துக்குடிக்காரர். நாங்கள் தமிழ் பேசுவதைக் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. அம்மாவை "ஆச்சி, ஆச்சி" என்றே அழைத்தார். முதல் நாள் இரவு அவர் எனக்கு ஒரு யோசனை சொன்னார். "சார், முதல் சுற்றிலே தட்டெடுக்காதீங்க. சும்மா ஒரு சுற்று நடந்து எல்லாத்தையும் பாருங்க. அப்புறம் சின்னத் தட்டு எடுங்க." நான் கேட்கவில்லை. மறுநாள் காலை வயிறு கேட்க வைத்தது.

சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பஃபேயைவிட உட்கார்ந்து சாப்பிடும் மண்டபமே மேல். அளவும் நேரமும் ஒழுங்காக இருக்கும். பஃபேயில் ஊறுகாய், அப்பளம், சூப், சாஸ் என்று உப்பு நம்மை அறியாமல் ஏறும். சின்னம்மாவுக்கு இரண்டாம் நாளே கால் வீங்கிவிட்டது. மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கப்பலின் மணிக்கு ஏற்ப மாற்றாதீர்கள். வீட்டில் எட்டு மணிக்குச் சாப்பிடுகிறவர் கச்சேரி பார்த்துவிட்டுப் பத்து மணிக்குச் சாப்பிட்டால், எங்களுக்கு வரிசையில் நடந்ததுதான் உங்களுக்கும் நடக்கும்.

உணவு கெடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமைத்த பண்டத்தில் கிருமி பெருகுவது வெதுவெதுப்பான சூட்டில்தான். குளிர்ந்தவை 5 டிகிரி செல்சியசுக்குக் கீழும், சூடானவை 57 டிகிரிக்கு மேலும் இருக்க வேண்டும் என்பது கப்பல் சமையற்கூடங்களைச் சோதிக்கும் அமெரிக்க அதிகாரிகளின் விதி. நம் கையில் வெப்பமானி இல்லை. ஆவி பறப்பதைச் சூடாகவும், ஐஸ் மேல் இருப்பதைக் குளிராகவும் எடுத்துக்கொண்டு, நடுவில் ஆறிக் கிடப்பதை விட்டுவிடலாம்.

அலையில் தலை ஏன் சுற்றுகிறது?

அம்மா பயந்த விஷயம் இதுதான். நம் உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அவற்றிலுள்ள திரவம் அசைந்து மூளைக்குச் செய்தி சொல்லும். பக்கத்திலேயே நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உள்ள இரு உறுப்புகள், மேலும் கீழும் முன்னும் பின்னும் உண்டாகும் அசைவைச் சொல்லும். கேபினுக்குள் உட்கார்ந்திருக்கும்போது சுவரும் கட்டிலும் நம்மோடு சேர்ந்தே ஆடுவதால் கண் "அசையவில்லை" என்கிறது. காது "அசைகிறோம்" என்கிறது. இந்த இரண்டு சாட்சிகளும் முரண்படும்போது மூளை குழம்பி வயிற்றைக் கலக்குகிறது. பஸ்ஸில் பத்திரிகை படித்தால் குமட்டுவதும் இதனால்தான். ஐந்து விநாடிக்கு ஒரு முறை ஏறி இறங்கும் மெதுவான ஆட்டம்தான் மனிதனை மிக அதிகமாக வாட்டும் என்று கண்டிருக்கிறார்கள். கடல் அலையின் ஆட்டம் பெரும்பாலும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

இப்போது அப்பாவின் விதிகளைப் பாருங்கள். தூரத்து மலையைப் பார்ப்பதற்குப் பதில் கடலில் அடிவானத்தைப் பார்க்க வேண்டும். அது ஆடாது. ஆகவே கண்ணும் காதும் ஒரே சாட்சி சொல்லும். பஸ்ஸின் முன்பக்கத்துக்குப் பதில் கப்பலில் நடுப்பகுதி, அதுவும் கீழ்த்தளம். ஊஞ்சலின் நுனியைவிட நடுவில் ஆட்டம் குறைவல்லவா? டிக்கெட் எடுக்கும்போதே நடுக் கேபின் கேட்டு வாங்குங்கள். வயிறு நிறையவும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம். சுக்கும் இஞ்சியும் சிலருக்கு நன்றாகக் கேட்கும். பெரிய கப்பல்களில் தண்ணீருக்கடியில் இருபுறமும் மீன் துடுப்பு போன்ற நிலைப்படுத்திகள் இருப்பதால், கப்பல் பக்கவாட்டில் ஆடுவது வெகுவாகக் குறைகிறது. கடல் அமைதியாக இருக்கும் நாளில் கப்பலில் இருப்பதே தெரியாது.

மெக்லிசின், டைமென்ஹைட்ரினேட் போன்ற மாத்திரைகள் உண்டு. குமட்டல் வந்த பிறகு போட்டால் பயன் குறைவு. ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். அவை தூக்கத்தையும் தள்ளாட்டத்தையும் கொடுப்பதால் வயதானவர்களும், கண் நீர் அழுத்தமோ புராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது. அம்மா போடவில்லை. மேல்தளத்தில் நாற்காலி போட்டு, அடிவானத்தைப் பார்த்தபடி எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி வரை குமட்டவில்லை. குமட்டியது எனக்குத்தான்!

சோப்பும் தண்ணீரும்

கப்பலில் பலரும் பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவதில்லை. அலையைவிடக் கவனிக்க வேண்டியது கைதான். ஆயிரம் இரண்டாயிரம் பேர் ஒரே கைப்பிடிகளையும் லிப்ட் பொத்தான்களையும் பஃபே கரண்டிகளையும் தொடுகிறார்கள். நோரோ வைரஸ் என்ற கிருமி இப்படித்தான் பரவுகிறது. 1968 இல் அமெரிக்காவின் நார்வாக் என்ற ஊரில் ஒரு பள்ளியில் பரவிய வயிற்றுப்போக்கிலிருந்து அதற்கு அந்தப் பெயர் வந்தது. நூற்றுக்கும் குறைவான கிருமிகள் உள்ளே போனாலே போதும். ஒரு நாளிலிருந்து இரண்டு நாளுக்குள் வாந்தியும் பேதியும் தொடங்கும். பெரும்பாலோருக்கு மூன்று நாளில் சரியாகிவிடும். முதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் உடம்பில் நீர் வற்றிப் போவதுதான் ஆபத்து. உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைக் கையோடு வைத்திருங்கள்.

கப்பல் வாசலில் கையில் தெளிக்கும் ஸ்பிரிட் மருந்து இந்தக் கிருமியிடம் அவ்வளவாகப் பலிப்பதில்லை. சோப்புப் போட்டு இருபது விநாடி தேய்த்துத் தண்ணீரில் கழுவுவதுதான் வழி. சாப்பிடுமுன் கைகால் கழுவிவிட்டு வரச் சொன்ன நம் பாட்டிமார் கெட்டிக்காரர்கள்.

ஆனால் பீதியும் வேண்டாம். அமெரிக்காவில் பதிவாகும் நோரோ வைரஸ் பரவல்களில் கப்பல்களின் பங்கு நூற்றுக்கு ஒன்றுதான் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. அங்கே வரும் வெளிநாட்டுக் கப்பல்களின் சமையற்கூடத்தைச் சோதித்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுகிறார்கள். 86க்குக் குறைந்தால் தோல்வி. நாம் படித்த காலத்துப் பள்ளிக்கூடத்தில்கூட 35 வாங்கினால் தேர்ச்சி!

மூச்சின் வழியே பரவும் நோய் என்றால் கதை வேறு. 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமா துறைமுகத்தில் 'டயமண்ட் பிரின்சஸ்' கப்பலை நிறுத்தி வைத்தது நினைவிருக்கும். அதிலிருந்த 3,711 பேரில் 712 பேருக்குக் கோவிட் தொற்றியது. அவர்களோடு 138 இந்தியர்களும் இருந்தார்கள். அவர்களில் 132 பேர் பயணிகள் அல்ல, ஊழியர்கள். பயணிகள் கேபினில் அடைந்திருந்தபோது சமைத்ததும் உணவு கொண்டு போய்க் கொடுத்ததும் ஊழியர்கள்தான். பெரிய மாமா சொன்ன செயின்ட் ஜான்ஸ் தீவு எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. ஆகவே காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் மறைத்துக்கொண்டு ஏறாதீர்கள். டிக்கெட் பணம் போனால் போகட்டும். நமக்குப் பரிமாறும் பிள்ளைகளும் யாரோ ஒரு தாய் பெற்றவர்கள்தானே!

கப்பலில் டாக்டர்

பெரிய கப்பல்களில் டாக்டரும் நர்ஸ்களும் இருப்பார்கள். ஆனால் அது ஒரு சிறிய சிகிச்சை நிலையம். நிலைமையைத் தாங்கிப் பிடித்துக் கரை சேர்ப்பார்களே தவிர, பெரிய அறுவைச் சிகிச்சையை எதிர்பார்க்க முடியாது. கட்டணம் பொதுவாகக் கேபின் கணக்கில் ஏறும். நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் அழைத்துப் போவது தூரத்தையும் வானிலையையும் பொறுத்தது; செலவும் பயங்கரம். உங்கள் மருத்துவக் காப்பீடு கடலில் செல்லுமா என்று காப்பீட்டு நிறுவனத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். நிறைமாதக் கர்ப்பிணி என்று மட்டுமல்ல, இருபத்து நான்காவது வாரம் தொட்டாலே பெரும்பாலான கப்பல்கள் ஏற்றிக்கொள்வதில்லை.

இன்னொரு சின்ன விஷயம். கப்பலில் குளியலறை வாசற்படி சற்று உயரமாக இருக்கும். இரவில் விளக்கைப் போடாமல் எழுந்து போகும் பெரியவர்கள் இடறி விழ வாய்ப்புண்டு. ஒரு சிறு விளக்கை எரிய விட்டுப் படுங்கள்.

புறப்படுமுன்

சுருக்கமாகச் சொன்னால் கையில் இருக்க வேண்டியவை இவை: மூன்று நாள் கூடுதலாக மாத்திரைகள், டாக்டர் சீட்டின் நகல், அதில் மருந்தின் கம்பெனிப் பெயரோடு மூலப்பெயரும், சர்க்கரை பார்க்கும் கருவி, குளுக்கோஸ், உப்பு சர்க்கரைக் கரைசல், சோப்பு. இன்சுலின் போடுகிறவர்கள் அதைப் பெரிய பெட்டியில் வைக்கவே கூடாது. வெயிலில் கிடந்தால் கெட்டுவிடும், உறைந்தாலும் கெட்டுவிடும். ஏறும் நாளில் மதியச் சாப்பாடு தாமதமாகும் என்று எண்ணிக்கொண்டு, காலை மாத்திரை பற்றி முந்தின வாரமே டாக்டரிடம் கேட்டு வையுங்கள். இவை எல்லாம் ஒரு மஞ்சப்பையில் அடங்கும்.

திரும்பி வரும்போதும் அதே வழிதான். சின்னம்மாவைக் கொளத்தூரில் இறக்கிவிட்டு மறுநாள் பஸ் ஏறினோம். கோவிந்தபாடி தாண்டிப் பாலாற்றுச் சோதனைச்சாவடியில் பஸ் நின்றது. இந்தப் பக்கமிருந்து வரும்போது மலை இனிமேல்தான். அம்மா இறங்கி முகம் கழுவிக்கொண்டு வந்தார். கப்பலில் நடந்ததை யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மடியிலிருந்த மஞ்சப்பையை எடுத்து என் மடியில் வைத்தார்.

"நீயே வச்சுக்க கண்ணு. மைசூர் போற வரைக்கும் கீழே மட்டும் வெக்காதே" என்றார்.

வைக்கவில்லை.